பழைய எண்ணெய் டிப்போ நிலம்: கார்த்திகை ரிப்போர்ட்டை நம்பலாமா?

நிலத்தடி நீர் ஆய்வாளர், சென்னை

பங்க் இருந்த மனை, தண்ணீர் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாம்பிள் எந்த மாதம் எடுத்தது என்பதைத்தான்.

வட சென்னையில் பெட்ரோலும் டீசலும் வைத்திருந்த ஒரு டிப்போ. மூடி வெகுகாலம் ஆகிவிட்டது, டேங்குகளையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அங்கே வீடு கட்ட இருந்தவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் இருந்தது. தண்ணீரில் எண்ணெய் இல்லை என்று சொன்னது. கார்த்திகை மாதம், வளாகத்து போர்வெல்லில், பிளாஸ்டிக் கேனில் பிடித்த தண்ணீர் அது. நாங்கள் போனது சித்திரைக் கடைசியில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "வெயில் காலத்துல மோட்டார் போட்டா மண்ணெண்ணெய் வாசம் வரும் தம்பி. மழை பெஞ்சா போயிடும்." கூட இருந்த மேனேஜர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆனால் மொத்த விஷயமும் அந்த இரண்டு வரியில் இருந்தது.

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு. கசிந்தால் மணல் வழியே இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மழையில் மட்டம் ஏறும்போது அதில் ஒரு பகுதி மணலுக்குள் திட்டுத் திட்டாகத் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது கிணற்றில் படலம் மெலிந்திருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. கோடையில் மட்டம் இறங்கியதும் மாட்டியிருந்தது வடிந்து மறுபடி சேரும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுக்க எண்ணெய் பூசிவிடும்.

போர்வெல்லிலும் ஒரு சிக்கல். மேல்பகுதி முழுக்க கேசிங் பைப், தண்ணீர் வருவது அடியிலிருந்து. மேலே மிதக்கும் எண்ணெய் உள்ளே வர வழியில்லை. அந்த அக்கா வீட்டில் இருந்தது ஆழமில்லாத போர், அதனால்தான் வாசம் தெரிந்தது. சோதனைக்கென்று போடும் கிணற்றில், துளையிட்ட பைப் கோடை மட்டத்துக்குக் கீழிருந்து மழை மட்டத்துக்கு மேல் வரை நீண்டிருக்க வேண்டும்.

லாரிகளுக்கு எண்ணெய் நிரப்பிய மேடைக்குப் பக்கத்தில், மண்ணைத் துளைத்து மேலே கொண்டுவரும் ஆகரை இறக்கினோம். மேலே சில அடிக்கு நல்ல மஞ்சள் மணல். நீர்மட்டத்தை நெருங்க நெருங்க மணல் கரும்பச்சையானது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மண்ணை ஜிப் கவரில் மூடி வைத்து, சற்று நேரம் கழித்து ஆவி அளக்கும் மீட்டரின் முனையை உள்ளே செருகினோம். கரும்பச்சை மணலில் எண் சடசடவென்று ஏறியது. மேல்மண்ணை அள்ளிக் கொட்டினால் இடம் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அங்கேயே கிணறு போட்டு, எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் டேப்பை இறக்கினோம். எண்ணெயைத் தொட்டால் ஒரு சத்தம், தண்ணீரைத் தொட்டால் வேறு சத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்! கயிற்றில் இறக்கித் தண்ணீர் அள்ளும் குழாயான பெய்லரில் தூக்கிப் பார்த்தால் மேலே டிகாக்‌ஷன் நிறத்தில் எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர். கிணற்றில் ஒரு சாண் என்றால் மண்ணிலும் ஒரு சாண் என்று கணக்குப் போடாதீர்கள். கிணற்றுக்குள் பொதுவாகக் கூடுதலாகத்தான் காட்டும்.

அப்புறம் அந்த பிளாஸ்டிக் கேன். பெட்ரோலில் இருக்கும் நச்சுப் பொருளான பென்சீன் சீக்கிரம் ஆவியாகிவிடும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மூடிக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு குமிழிகூட எழக்கூடாது. உடனே ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது கேனில் பிடித்த தண்ணீரின் முடிவை நான் ஏற்க மாட்டேன். 2000க்கு முன்பே இயங்கிய இடம் என்றால் ஈயத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுதாக நின்றது அந்த ஆண்டில்தான்.

சுன்னாகம், யாழ்ப்பாணம்

எங்கள் ஊரில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குப் பரவிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அள்ளிய வாளியிலேயே படலம் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வரும்வரை வாசலில் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எண்ணெய் உண்டு, இல்லை என்று இரண்டு விதமாகவும் அறிக்கைகள் வந்தன. எதை நம்புவது என்று தெரியாமல் சனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். மணலில் போல அது ஒரே சீராக ஓடாது. வெடிப்பு வழியே போவதால் ஒரு வீட்டுக் கிணற்றில் எண்ணெய் இருக்கும், பக்கத்து வீட்டில் இராது. ஒரு கிணற்றைப் பார்த்து ஊருக்கே முடிவு சொல்ல ஏலாது.

புதிய உறுப்பினர், தண்டையார்பேட்டை

2013இல் எங்கள் பகுதி போர்வெல்களில் எண்ணெய் வந்ததிலிருந்து அம்மா எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறார். அது போதுமா சார்?

நிலத்தடி நீர் ஆய்வாளர், சென்னை

வாசம் வரும் தண்ணீரைச் சமையலறையில் கொதிக்க வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆவி அறைக்குள்தான் நிற்கும், அதை அவர்தான் சுவாசிப்பார். மூடிய குளியலறையில் வெந்நீராக ஊற்றிக் குளிப்பதும் அதே மாதிரிதான். ஆர்.ஓ. மெஷினை மட்டும் நம்பவும் வேண்டாம். இப்போதைக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க லாரித் தண்ணீர். வைகாசியில் ஒரு தரம், மழைக்குப் பிறகு ஒரு தரம் பரிசோதனைக்குக் கொடுங்கள். குப்பியையும் ஐஸ் பெட்டியையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.