சலான் வந்தா தொகையைப் பார்க்காதீங்க, பிரிவைப் பாருங்க – கவனக்குறைவா ஓட்டின வழக்குகள், தெரிஞ்சவங்க எழுதுங்க

டிராஃபிக்கில் இருந்து ஓய்வுபெற்றவர்:
மோட்டார் வாகனச் சட்டம் 184-ன்னு போட்டிருந்தா அது 'அபாயகரமாக ஓட்டுதல்'. எதெல்லாம் இதுல வரும்னு 2019 திருத்தம் பட்டியலே போட்டிருக்கு: சிக்னல் தாண்டுறது, கையில போன், விதியை மீறி ஓவர்டேக், எதிர்த்திசையில வர்றது. முதல் தடவை ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். மூணு வருஷத்துக்குள்ள அதே மாதிரி தப்புன்னா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 10,000 ரூபாய், இல்லன்னா ரெண்டும்.

இன்னொரு விஷயம். 200-வது பிரிவுப்படி, 184-ல செல்போன் ஒண்ணைத்தான் கோர்ட்டுக்குப் போகாம பணம் கட்டி முடிக்க முடியும். மத்ததுக்கு மாஜிஸ்திரேட்தான். ரசீது இல்லாம ரோட்டுல வாங்குறது ஸ்பாட் ஃபைனே இல்லை, அதுக்குப் பேர் வேற.

விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல்:
சார் சொன்னது யார் மேலயும் படாத வரைக்கும். பட்டுட்டா கிரிமினல் கேஸ். முதல்ல விபத்து தேதியைப் பாருங்க. 2024 ஜூலை 1-க்கு முன்னாடின்னா பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்), அன்னிக்கோ அதுக்கப்புறமோன்னா அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா). பொது ரோட்டுல கண்மூடித்தனமா, கவனக்குறைவா ஓட்டுறதுக்கான பழைய 279 இப்போ 281. ஆறு மாசம், 1,000 ரூபாய், அது மாறலை. கொடுங்காயத்துக்கு 338-ல இருந்த ரெண்டு வருஷம், 125(பி)-ல மூணு வருஷம் ஆயிருக்கு; அபராதம் 1,000-ல இருந்து 10,000. உயிர் போனா 304ஏ-ல ரெண்டு வருஷம்; 106(1)-ல அஞ்சு வருஷம் வரை.

"அடிபட்டவரோட பேசி முடிச்சிட்டோம், கேஸ் முடிஞ்சிடும்ல?"னு கேட்டுக்கிட்டே வருவாங்க. காயத்துக்கான பிரிவுல சமாதானம் ஆகலாம். 281 சமாதானமாகக்கூடிய குற்றம் இல்லை. அது தனியா நிற்கும். ரத்து வேணும்னா ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும்.

லாரி செட் மேனேஜர்:
டிரைவருங்க சறுக்குறது சம்பவ இடத்துலயே. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். கூட்டம் அடிக்க வருதுன்னா விலகலாம். ஆனா 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லியாகணும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல போகணும்.

அடுத்தது பிரேக் கதை. பாதிப் பேர் எஸ்.ஐ. கேட்டதும் "பிரேக் புடிக்கல சார்"னு சொல்லிடுவாங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார்: பிரேக், ஸ்டீயரிங் ஆட்டம், டயர், ஹாரன். 'விபத்து இயந்திரக் கோளாறால் அல்ல'ன்னு எழுதிட்டார்னா டிரைவர் பேச்சு பொய்யாயிடும். பிரேக் உண்மையிலேயே மோசம்னு எழுதினாலும் தப்பிக்க முடியாது, அதே சட்டத்தோட 190-வது பிரிவு ஓனரையும் சேர்த்து இழுக்கும். ஆய்வு முடியாம உடைஞ்ச லைட்டைக்கூட மாத்தாதீங்க.

வக்கீல்:
அதோட மகஜர் ஸ்கெட்ச், அதாவது போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து வரையுற படம். வடக்கு அம்புக்குறி, ரோட்டோட அகலம், மோதின இடம் ரோடு ஓரத்துல இருந்து எத்தனை அடி. இந்த மூணும் சரியா இருக்கான்னு பாருங்க. யார் எந்தப் பக்கம் ஏறினாங்கன்னு பின்னாடி தீர்மானிக்கிறது அந்த அடிக்கணக்குதான். டயர் தேய்ஞ்ச தடம் ஒரு மழையில போயிடும், கண்ணாடித் தூளைப் பெருக்கிடுவாங்க. வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ.

ஒரு கேள்வி:
பதினாறு வயசுப் பையன் அப்பா பைக்கை எடுத்துட்டுப் போய் இடிச்சா?

ஓய்வுபெற்றவர்:
மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ. அப்பாவுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். பைக்கோட ஆர்.சி. 12 மாசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்தான்"னா அதை நிரூபிக்க வேண்டியது அப்பாதான். சாவி டி.வி. மேல கிடந்தா கஷ்டம்.

வக்கீல்:
"ஆயிரம் ரூபாதானே"ன்னு முதல் வாய்தாவுலயே குற்றத்தை ஒப்புக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒப்புதல் நகலை எதிர்த்தரப்பு நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துல கொண்டுபோய் வைப்பாங்க. விபத்து அன்னிக்கு டிரைவர் லைசென்ஸ் காலாவதியா இருந்தா இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கட்டிட்டு ஓனர்கிட்ட திரும்ப வசூல் பண்ணும். ஆயிரம் கட்டி லட்சத்துல மாட்டுறது இப்படித்தான்.

ஆர்.டி.ஓ.கிட்ட இருந்து மோட்டார் வாகனச் சட்டம் 19-வது பிரிவுல நோட்டீஸ் வந்தா மேஜைக்குள்ள போட்டுடாதீங்க. உங்க தரப்பைக் கேட்டுட்டுத்தான் லைசென்ஸை முடக்கணும். நீங்க போகலைன்னா கேட்காமலே உத்தரவு போட்டுடுவாங்க. சொல்லப்பட்ட தேதியில, எழுத்துல பதிலோட நேர்ல போங்க. கொடுத்த பதிலுக்கு சீல் வச்ச நகல் வாங்கிக்கோங்க.