ஜார்ஜ், நிக்கோலஸ், வில்ஹெல்ம்: முறை சொல்லி உதவுங்கள்

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்ச வரைபடம் ஒன்றைத் தமிழில் வரைந்துகொண்டிருக்கிறேன். 'கசின்' என்று ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. நமக்கு முறை தெரிந்தாக வேண்டுமே!

பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜுக்கு ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் சித்தி மகன், அதாவது தம்பி. இருவரின் தாய்மாரும் டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் மகள்கள். 1913இல் பெர்லினில் ஜெர்மன் ராணுவ உடையில் இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பாருங்கள்: அதே தாடி, அதே கண்கள். எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்கவில்லை. ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், ஜார்ஜுக்கு அத்தை மகன்.

சிக்கல் இனிமேல்தான். நிக்கோலஸின் மனைவி அலெக்சாண்ட்ரா, வில்ஹெல்முக்குச் சித்தி மகள். அப்படியானால் தங்கை கணவர் நிக்கோலஸ் அவருக்கு மைத்துனர். ஆனால் ரஷ்யப் பேரரசர் முதலாம் பாவெலின் மகள் வயிற்றுப் பேத்தி அகஸ்தாவின் பேரன் வில்ஹெல்ம். மகன் வயிற்றுப் பேரன் இரண்டாம் அலெக்சாண்டரின் பேரன் நிக்கோலஸ். அகஸ்தா அலெக்சாண்டருக்கு அத்தை மகள். அந்த வழியில் எண்ணினால் வில்ஹெல்மும் நிக்கோலஸும் அண்ணன் தம்பி ஆகிறார்கள்!

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படி இரண்டு முறை வந்தால் எதைச் சொல்லி அழைப்பார்கள்? கேட்டுச் சொல்லுங்கள். என் கணக்கில் பிழை இருந்தாலும் திருத்துங்கள்.