விமானத் தளம் பக்கத்தில் வளர்ந்தவர்கள், உள்ளே வேலை பார்த்தவர்கள் வாங்க: அனுபவப் பகிர்வு

அரக்கோணத்தான்:

நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு விமானத் தளத்தோடு ஒட்டுறவு இல்லாத குடும்பம் குறைவு. ஒருத்தருக்கு மாமா விமானப்படையில் இருந்திருப்பார், இன்னொருத்தருக்கு அரக்கோணத்தில் பெண் எடுத்திருப்பார்கள். அவரவர் பார்த்ததை எழுதுங்கள். இப்போது ஓடுகிற தளம், மூடிப்போன தளம், உள்நாடு, வெளிநாடு எதுவானாலும் சரி. ரகசியம் எதுவும் வேண்டாம், வேலிக்கு வெளியே தெரிந்தது போதும்.

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் இச்சிபுத்தூர் பக்கம். கழனியில் நின்றால் ராஜாளி தளத்து மதில் தெரியும். 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் வந்து தொடங்கி வைத்தார். ஆனால் விமானம் இறங்குகிற இடமாக அது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இருந்தது என்று தாத்தா சொல்வார். இப்போது ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் மேல். ஆசியாவிலேயே நீளமான ராணுவ ஓடுபாதைகளில் ஒன்று.

நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க டியூ-142 காலம். ரஷ்ய விமானம், நான்கு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு புரொபெல்லர்; ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் மற்றது அந்தப் பக்கம். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் அதிரும். வாத்தியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, விமானம் தாண்டிய பிறகு மிச்சப் பாதியைச் சொல்வார். எங்களுக்கும் அது பழக்கம், மாடுகளுக்கும் பழக்கம். ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகள்கள்தான் முதல் வாரம் தூக்கத்தில் எழுந்து உட்காருவார்கள்.

2013 மே மாதத்தில் பி-8ஐ ரக விமானம் முதலில் வந்து இறங்கியது. அது போயிங் 737 உடம்பில் செய்தது. இரண்டுக்கும் நீர்மூழ்கிக் கப்பல் தேடுகிற வேலைதான், இதற்குச் சத்தம் மட்டும் பாதி கூட இல்லை. "அது லாரி, இது ஏசி பஸ்" என்று தாத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காட்பாடி ஜங்ஷன்:

அண்ணே, ஒரு சின்ன விளக்கம் சேர்க்கிறேன். ராஜாளி விமானப்படைத் தளம் இல்லை, கடற்படையின் விமானத் தளம். அதனால்தான் பெயருக்கு முன்னால் கப்பல் மாதிரி ஐஎன்எஸ் போடுகிறார்கள். கடலே இல்லாத அரக்கோணத்தில் கடற்படைக்கு என்ன வேலை என்று என் வடநாட்டு நண்பர்கள் கேட்பார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. முழு எரிபொருளோடு எழும்ப நீளமான ஓடுபாதையும் சமதரையும்தான் வேண்டும். அது இங்கே கிடைத்தது.

என் அனுபவம் 2015 வெள்ளம். நான் அப்போது வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருந்தேன். அறை முழுக்க வங்காளத்துக்காரர்கள், சிகிச்சை முடிந்தவர்கள். டிசம்பர் 1 இரவு சென்னை விமான நிலையம் தண்ணீரில் மூழ்கி மூடப்பட்டது. ரயிலும் தாறுமாறு. ஒரு பெரியவருக்கு ஆபரேஷன் முடிந்து தையல் கூடப் பிரிக்கவில்லை, மகன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறை. அப்புறம்தான் அரக்கோணம் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. நானே டிரைவரைப் பிடித்து, காவேரிப்பாக்கம் வழியாக அவர்களைக் கூட்டிப் போனேன்.

வாசலில் துப்பாக்கியோடு கடற்படைக்காரர் நிற்கிறார், பக்கத்தில் டிராலியும் சூட்கேஸும் குழந்தைகளுமாகக் கூட்டம். அந்த வாசலில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டியலில் பெயர் சரிபார்த்து உள்ளே விட்டார்கள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பெரியவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டது சீருடைக்காரர்தான். ஐதராபாத் போய் அங்கிருந்து கொல்கத்தா சேர்ந்ததாகப் பிறகு போன் வந்தது.

சோளிங்கர் மலை:

எங்கள் மலைக் கோயில் படிக்கட்டு ஏறும்போது ராஜாளியிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்களை நிறைய பார்த்திருக்கிறேன். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி, சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், 2024 ஜூனில் அங்கேதான் பயிற்சி முடித்து வெளியே வந்தார். என் மகளுக்கு அந்தப் பத்திரிகைப் படத்தை வெட்டிக் கொடுத்தேன். அவள் "எனக்குக் குரங்கு போட்டோ எடுக்கிற வேலைதான் வேண்டும்" என்கிறாள்.

கண்ணமங்கலம் சார்ஜென்ட்:

தம்பிகளா, உள்ளே இருந்தவன் நான், விமானப்படையில் டெக்னீஷியனாக ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் ராணுவம் என்பது சாதாரணம். பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. தினமும் அதன் கீழே வெங்காயம் பேரம் பேசுகிறவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து படித்திருப்பார்கள் தெரியாது.

பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தாம்பரத்தில் டிரேடு பயிற்சி. தாம்பரம் என்றால் மக்களுக்கு ரயில் நிலையம். எங்களுக்கு அது விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் விமானிகளை உருவாக்குகிற பள்ளி இருக்கும் இடம். அம்பாலாவிலிருந்து 1954-இல் அங்கே மாறி வந்தது.

வெளியே இருப்பவர்களுக்கு விமானத் தளம் என்றால் சீறிப் பாய்கிற போர் விமானம்தான். உண்மையில் பாதி வேலை தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது. பறத்தல் தொடங்குவதற்கு முன் வரிசையாக நின்று, ஓடுபாதையிலும் விமானம் நிற்கிற இடத்திலும் கல், ஆணி, கம்பித் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம். ஜெட் எஞ்சின் முன்னால் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். ஒரு சின்ன போல்ட் உள்ளே போனால் பிளேடு காலி. இதைக் கேட்டுவிட்டு என் அம்மா, "இவ்வளவு படிச்சிட்டுக் கல்லு பொறுக்கவா போன?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, ஸ்பேனர் கணக்கு. வேலை முடிந்ததும் டூல் பாக்ஸில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் கிளம்பாது. ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறோம். ஒருமுறை காணாமல் போன ஸ்குரூ டிரைவர் டீ கொண்டுவந்த பையனின் கூடையில் கிடைத்தது. பையன் நல்லவன், அது எப்படி விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து ஹேங்கருக்குள் டீ வருவது நின்றது. அதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனை.

லடாக்கில் லே தளத்து போஸ்டிங் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேல். காற்று மெலிந்தது, இறக்கைக்குத் தூக்கும் விசையும் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலிந்துவிடும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வேறு அடிக்கும். அதனால் எல்லாமே விடிகாலை அவசரம். 1948 மே மாதம் விமானப்படை அதிகாரி மெஹர் சிங் டகோட்டா விமானத்தைக் கொண்டுபோய் இறக்கியபோது வழிகாட்டும் வசதி எதுவும் கிடையாது. நாங்கள் போனபோது எல்லா வசதியும் இருந்தது, ஆனாலும் ஏணியில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். வேலூர் வெயிலில் காய்ந்த உடம்புக்கு அது வேறு கிரகம்.

கார் நிக்கோபார் தளமும் தெரியும். அழகான இடம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். என்னோடு பயிற்சி எடுத்த ஒருவன் அதில். இதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

அரக்கோணத்தான்:

ஐயா, வணக்கம். பொறுமையாக இன்னும் எழுதுங்கள். ஒரு கேள்வி: தளத்தைச் சுற்றி ஆட்டுத் தொட்டி, குப்பை மேடு வைக்க விடமாட்டேன் என்கிறார்களே, எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரருக்கு ஏக வருத்தம்.

கண்ணமங்கலம் சார்ஜென்ட்:

தம்பி, அது பருந்துக்காக. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது: விமான தளத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் அனுமதி இல்லாமல் ஆடு மாடு அறுத்துத் தோலுரிக்கவோ, பறவையை இழுக்கிற கழிவைக் கொட்டவோ கூடாது. ஒரு கிலோ பருந்து, வேகமாக வருகிற விமானத்தின் எஞ்சினில் மோதினால் குண்டுக்குச் சமம். கடைக்காரர் கதவு போட்டு, கழிவை மூடி எடுத்துப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆம்பூர் டூ ஷார்ஜா:

வெளிநாட்டுத் தளம் என்று கேட்டீர்களே, நான் தினமும் ஒன்றின் ஓடுபாதை மேலேயே நடக்கிறேன். ஷார்ஜாவில் கிங் அப்துல் அஜீஸ் தெரு. நேர்க்கோடாக இருக்கும், நகரத்தின் மற்ற தெருக்களோடு ஒட்டாது. ஏன் இப்படி என்று பல நாள் யோசித்தேன். பக்கத்திலேயே அல் மஹத்தா அருங்காட்சியகம், அங்கே போனபோதுதான் விடை கிடைத்தது: அது பழைய விமான தளத்தின் ஓடுபாதை.

1932-இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கத் தொடங்கியது. 'ஹன்னோ' என்ற இரண்டடுக்கு இறக்கை விமானம்தான் முதலில் வந்தது. பயணிகள் ராத்திரி தங்கக் கோட்டை மாதிரி ஒரு விடுதி கட்டினார்கள். அந்தக் கட்டடம்தான் இன்றைய அருங்காட்சியகம். பிறகு பிரிட்டிஷ் விமானப்படை பல ஆண்டுகள் தளமாக வைத்திருந்து, 1971-இல் அமீரகம் உருவானபோது கிளம்பிப் போனது. 1977-இல் விமான நிலையம் ஊருக்கு வெளியே மாறியது. ஓடுபாதையைச் சுற்றி ஊர் எழும்பிவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை நம்ம ஆட்கள் அதன் ஓரத்தில் பிரியாணி பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஆம்பூர் பிரியாணி இல்லை, அது வேறு வருத்தம்.

உள்ளே பழைய விமானங்கள் சில இருக்கின்றன. என் அறைத் தோழர் வாணியம்பாடிக்காரர், தோல் தொழிற்சாலையில் இருந்தவர். விமானத்தை விட்டுவிட்டு விமானியின் இருக்கைத் தோலைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியாத்தம் அம்மா:

என் பெண் பிலிப்பைன்ஸில் ஏஞ்சலஸ் நகரத்தில் மருத்துவம் படித்தாள். அவளைப் பார்க்கப் போனபோது இறங்கியது கிளார்க் விமான நிலையம். எவ்வளவு பெரிய மைதானங்கள், வரிசையாக மரம், பழைய அமெரிக்கப் பாணி வீடுகள்! அதெல்லாம் ஒரு காலத்தில் அமெரிக்க விமானப்படையின் மிகப் பெரிய வெளிநாட்டுத் தளங்களில் ஒன்று என்று டாக்சிக்காரர் சொன்னார். 1991 ஜூன் 15-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தது, அதே நாளில் புயலும் மழையும். சாம்பல் நனைந்து கனம் ஏறிக் கூரைகள் இடிந்து விழுந்தனவாம். அந்த வருடமே அமெரிக்கர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த டாக்சிக்காரரின் அப்பா தளத்துச் சமையலறையில் வேலை பார்த்தவராம். தளம் போனதும் ஊரே வேலையில்லாமல் நின்றது, இப்போது கடையும் ஓட்டலும் விமான நிலையமும் வந்துவிட்டன, ஆனால் சம்பளம் அந்தக் காலம் மாதிரி இல்லை என்றார். நான் எரிமலையைப் பற்றிக் கேட்டேன், அவர் சம்பளத்தைப் பற்றியே பேசினார். குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் படுத்தபோது எங்கள் தெருவிலும் இதே பேச்சுத்தான்.

வேலப்பாடி:

எல்லோரும் பெரிய தளமாகப் பேசுகிறீர்கள். நம்ம வேலூர் அப்துல்லாபுரம் விமானத் தளத்தை மறந்துவிட்டீர்களே! சின்ன வயதில் அங்கே வேலி எல்லாம் பெயருக்குத்தான். சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள், பட்டம் விட்டவர்கள், ஆடு மேய்த்தவர்கள் என்று எல்லோருக்கும் அந்தச் சின்ன ஓடுபாதை பொது மைதானம். எப்போதாவது பயிற்சி விமானம் ஒன்று வந்தால் ஊரே ஓடும். இப்போது சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்திருக்கிறார்கள். நானறிய வேலூருக்கு டிக்கெட் எடுத்துப் பறந்து வந்தவர் யாரும் இல்லை. தேர்தல் வரும்போது மட்டும் பேச்சு வரும்.

காட்பாடி ஜங்ஷன்:

சென்னை பக்கத்துச் சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான். பிறகு அதில் பல வருடம் கார் பந்தயம் நடந்தது. என் பெரியப்பா அங்கே பந்தயம் பார்க்கப் போய், திரும்பி வந்து தன் அம்பாசடரை ராணிப்பேட்டை ரோட்டில் ஓட்டிய விதத்தை இன்னமும் பெரியம்மா மன்னிக்கவில்லை.

அரக்கோணத்தான்:

தனிச் செய்தியில் இரண்டு பேர் டியூ-142-ஐ இப்போது எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்கள். 2017 மார்ச் 29-இல் ராஜாளியில் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். 29 வருடம், 30,000 மணி நேரம் விபத்தில்லாமல் பறந்தவை. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. எதிர்ப்புறம் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். துரத்தினவரையும் துரத்தப்படுகிற ஜாதியையும் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள்!

காட்பாடியிலிருந்து ரயிலிலேயே விசாகப்பட்டினம் போய்விடலாம். டிக்கெட் எடுத்து விமானத்தின் உள்ளேயே போய்ப் பார்க்கலாம், குனிந்து நடக்க வேண்டும். கிளம்புமுன் திறக்கும் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். ராஜாளி மதில் பக்கம் நின்று மட்டும் செல்போனை நீட்டாதீர்கள், போன மாதம் கூட ஒரு பையனை உட்கார வைத்துப் படமெல்லாம் அழித்த பிறகுதான் அனுப்பினார்கள்.