வைரஸ் அடங்கிவிட்டது, சிடி4 ஏறவில்லை: கூடவே எதைச் சேர்க்கலாம்?

எச்ஐவி நோயாளி, வயது 52. 3 ஆண்டுகளாக டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி., தினம் ஒரு வேளை. ஆறாம் மாதத்திலிருந்தே வைரல் லோடு (இரத்தத்தில் வைரஸ் அளவு) 50-க்குக் கீழ். சிடி4 (எச்ஐவி அழிக்கும் எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை) மட்டும் 38-இல் தொடங்கி 160-இல் நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டாக அசைவே இல்லை. லிம்ஃபோசைட் வெள்ளணுக்களில் சிடி4-இன் சதவீதம் 17.

மாத்திரை தவறுவதில்லை. காசநோய், ஹெபடைடிஸ் சி இல்லை. ஸ்கேனில் மண்ணீரல் இயல்பு. அவர் எடுப்பவற்றில் எலும்பு மஜ்ஜையை (இரத்த அணுக்கள் உருவாகும் இடம்) அமுக்கக்கூடியது, தொற்றுத் தடுப்புக்கான கோட்ரைமாக்சசோல் 960 ஒன்றுதான். அதை நிறுத்த இப்போதைக்கு மனமில்லை. வீட்டார் வாங்கித் தந்த 'எதிர்ப்பு சக்தி' மாத்திரையில் இரும்பும் துத்தநாகமும் இருந்தன. கூடவே போட்டால் இவை டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது (2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிர் போடவேண்டும்), அதனால் நிறுத்தியாயிற்று. எண்ணிக்கை மாறவில்லை.

எதிர்ப்பு அணுக்களைப் பெருக்கும் புரதமான இன்டர்லூகின்-2 வேண்டாம் என்றே நினைக்கிறேன். 2009-இல் வெளியான எஸ்பிரிட், சில்காட் ஆய்வுகளில் அதைக் கொடுத்தபோது சிடி4 நன்றாகவே ஏறியது. நோயோ மரணமோ குறையவில்லை. எண் மட்டும் ஏறி என்ன பயன்?

இப்படிப்பட்டவர்களுக்கு அதே வகைப் புரதமான இன்டர்லூகின்-7 போன்றதை ஆய்வின் கீழ் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், சிடி4 ஏறியதோடு தொற்றும் குறைந்ததா?