சோதனையில் தேறும் பையன் வீட்டில் ஏன் தடுமாறுகிறான்?

அஸ்தம்பட்டி அம்மா:
மகனுக்கு 11 வயது. இங்கே சேலத்தில் ஓர் உளவியலாளரிடம் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்ஸ், அதாவது கவனத்தை அடக்கித் திட்டமிட்டு ஒரு வேலையைச் செய்துமுடிக்க உதவும் மனத்திறன்கள், அதற்கான சோதனை செய்தோம். பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதியிருக்கும், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். அதிலும் சீட்டுகளைப் பிரித்து வைப்பதிலும் வயதுக்கேற்ற மதிப்பெண் வாங்கிவிட்டான். அவன் அன்றாடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று நான் நிரப்பிய கேள்வித்தாளில் மட்டும் ‘கவனம் தேவை’ என்று வந்திருக்கிறது. வீட்டில் இன்னொரு சாக்ஸைத் தேடப் போனால் பூனையோடு உட்கார்ந்துவிடுவான். எதை நம்புவது?

செவ்வாய்ப்பேட்டை அப்பா:
சோதனையை நம்புங்கள் அக்கா. கேள்வித்தாளில் பதில் சொல்வது பையன் இல்லை, நீங்கள். ஸ்கூல் வேன் தவறிய நாளில் எல்லாவற்றுக்கும் ‘அடிக்கடி’ என்றுதான் நாம் டிக் அடிப்போம். 2000-இல் மியாகே என்ற உளவியலாளரின் குழுவினர் 137 கல்லூரி மாணவர்களைச் சோதித்து மூன்று திறன்களைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, மனதில் வைத்திருப்பதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, சட்டென வரும் பதிலை அடக்குவது. மூன்றும் தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல. அளந்து சொன்ன விஷயம் இது.

ஏற்காட்டு ஆசிரியர்:
தம்பி, அதே ஆய்வு உங்களுக்கு எதிராகவும் பேசுகிறது. ஒவ்வொரு திறனுக்கும் பல சோதனைகள் வைத்து, அவற்றில் பொதுவாக இருப்பதைத்தான் அவர்கள் எடுத்தார்கள். ஏனென்றால் தனிச் சோதனை எதுவும் சுத்தமாக ஒரே திறனை அளப்பதில்லை. நிறம் சொல்லும் சோதனையில் வாசிப்பு வேகமும் கலந்திருக்கிறது.

இன்னொன்று. 1991-இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளையின் முன்பகுதியில் அடிபட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். வழக்கமான சோதனைகளில் பெரும்பாலும் நன்றாகச் செய்தவர்கள். கையில் பட்டியல் கொடுத்து, வாங்க வேண்டிய பொருள் இல்லாத கடைக்குள் நுழையக்கூடாது என்பது போன்ற விதிகளும் சொல்லிக் கடைத்தெருவுக்கு அனுப்பினால் தடுமாறிப்போனார்கள். நம் சேலம் கடைவீதியில் ஐந்து பொருள் வாங்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு வண்டி எப்போது என்று கேட்டுவரச் சொல்வது போலத்தான்.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:
சார், அவர்கள் தலையில் அடிபட்டவர்கள். பூனையோடு விளையாடும் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், அக்கா பயந்துவிடுவார்கள். அப்புறம், கடைவீதி சந்தை நாளில் ஒரு மாதிரி, மற்ற நாளில் ஒரு மாதிரி. ஒரே அறை, ஒரே விதி, ஒரே நேரம் என்று இருந்தால்தானே இரண்டு பிள்ளைகளை ஒப்பிட முடியும்?

ஏற்காட்டு ஆசிரியர்:
பயமுறுத்தியது தவறுதான். அம்மா, உங்கள் பையனுக்கு அப்படி ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் 20 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சோதனைக்கும் கேள்வித்தாளுக்கும் இடையே இருந்த தொடர்பின் இடைநிலை அளவு வெறும் 0.19 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. அறையில் எதைச் செய்ய வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். வீட்டில் காலை ஏழு மணிக்கு அதை அவனேதான் முடிவு செய்ய வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை அப்பா:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அம்மாவின் தாள் ஒன்று போதாது. வகுப்பு ஆசிரியரும் ஒன்று நிரப்பட்டும். இரண்டும் ஒத்துப்போனால் பேசுவோம்.

அஸ்தம்பட்டி அம்மா:
திங்கட்கிழமை அவனுடைய டீச்சரிடம் தாளைக் கொடுக்கிறேன். ஒன்று கவனித்தேன். “முதலில் சாக்ஸ், அப்புறம் டிஃபன் பாக்ஸ்” என்று நான் பக்கத்தில் நின்று சொன்னால் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறான்.