இடுப்பெலும்பு முறிவு ஒழுங்காகக் கூடிவருகிறது: இனி எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். 70 வயதான என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்ததில், இடுப்பு வளையத்தின் முன்பக்கத்திலுள்ள பியூபிக் எலும்பின் இரு கிளைகளும் வலப்புறத்தில் முறிந்துவிட்டன. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. 6ஆம் வார எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடிவருகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கலாம், 12ஆம் வாரத்தில் மீண்டும் வந்தால் போதும் என்றார். ஆனால் படத்தில் முறிவுக்கோடு இன்னும் தெரிவதால், அது மறையும்வரை அம்மா படுத்தே இருக்க வேண்டும் என்றும், மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போடாமல் விட்டது தவறு என்றும் உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். 12ஆம் வாரம்வரை காத்திருப்பது சரிதானா? வீட்டில் இருப்பது தரைக் கழிப்பறை மட்டுமே, அதைப் பயன்படுத்தலாமா?

முதல் பதில் (இயன்முறை மருத்துவர்)

மருத்துவர் சொன்னபடியே தொடருங்கள். இவ்வகை முறிவில் இடுப்பு வளையத்தின் பின்பகுதி உறுதியாக இருந்தால், சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களுமே எலும்பைத் தாங்கிக்கொள்கின்றன. அந்த இடத்தில் எந்தக் கட்டாலும் எலும்பைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதால்தான் மாவுக்கட்டு போடுவதில்லை. முறிவுக்கோடு படத்தில் பல மாதங்கள் தெரியலாம். வலி வாரத்துக்கு வாரம் குறைகிறதா, நடக்கும் தூரம் கூடுகிறதா என்பவையே எலும்பு சேர்வதற்கான நம்பகமான அடையாளங்கள். அவை இரண்டும் சரியாக இருக்கும்போது இடையில் இன்னொரு எக்ஸ்ரே எடுப்பதால் பயனில்லை.

படுக்கையில் கிடப்பதுதான் இந்த வயதில் ஆபத்து. தசை வேகமாகக் கரையும், படுக்கைப்புண்ணும் நுரையீரல் சளியும் வரும், கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும். உறைதலைத் தடுக்க ஊசியோ மாத்திரையோ தரப்பட்டிருந்தால், மருத்துவர் சொல்லும்வரை அதை நிறுத்த வேண்டாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் வேண்டாம். காலில் உறைகட்டி இருந்தால் அது இடம்பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

இரண்டாம் பதில்

என் மாமியாருக்கு இதே முறிவு ஏற்பட்டபோது நான் உடனிருந்து பார்த்துக்கொண்டேன். தரைக் கழிப்பறையில் குந்துவதைவிட, குந்திய நிலையிலிருந்து எழுவதே கடினம். ஆகவே நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் கைப்பிடியும் பொருத்துங்கள். படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது அடிபட்ட பக்கத்துக் காலும் முதலில் செல்ல வேண்டும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது, முறிவு வலப்புறம் என்பதால் தடி இடக்கையில் இருக்க வேண்டும். அடிபட்ட பக்கத்திலேயே தடியைப் பிடிப்பவர்கள் பலர்! வலி மாத்திரைகளில் டிரமடால் இருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் இடுப்பு வலி கூடும் என்பதால் தண்ணீரையும் கீரையையும் முதலிலிருந்தே கவனியுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வலி குறைந்துவருகிறது என்றே அம்மா சொல்கிறார். கால்சியம் மாத்திரை மட்டும் தந்திருக்கிறார்கள், அது போதுமா?

முதல் பதில் அளித்தவர்

போதாது என்றே நினைக்கிறேன். உண்மையில் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் நோய்) இருப்பதாகவே கொள்ள வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 12ஆம் வாரம்வரை இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எலும்புத் தேய்வைக் குறைக்க, வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரானிக் அமில ஊசியோ மருத்துவர் பரிந்துரைக்கலாம். இவற்றால் முறிந்த எலும்பு கூடுவது தடைபடாது. அலென்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதற்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

குறைந்த வலி திரும்ப ஏறினாலோ, பிட்டத்திலோ முதுகின் அடியிலோ புதிதாக வலி தோன்றினாலோ 12ஆம் வாரத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இடுப்பு வளையத்தின் பின்புறம், முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பிலும் கீறல் இருந்து சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போயிருக்கலாம், அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், சிறுநீரை அடக்க முடியாமை, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும், இரவானாலும் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.