பாதரச மானோமீட்டரும் போர்டன் கேஜும் ஒத்துப்போகவில்லை: வழிகாட்டுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பாலிடெக்னிக்கின் பாய்ம இயக்கவியல் ஆய்வகத்தைக் கவனித்து வருகிறேன். அங்குள்ள தண்ணீர்க் குழாயின் ஒரே இடத்தில், யூ வடிவப் பாதரச மானோமீட்டரையும் (பாதரச மட்ட வேறுபாட்டைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் குழல்), குழாயின் மைய மட்டத்திலேயே ஒரு போர்டன் கேஜையும் (வளைகுழலும் முள்ளும் கொண்ட அழுத்தமானி) இணைத்திருக்கிறோம்.

மானோமீட்டரின் மறுமுனை காற்றுக்குத் திறந்திருக்கிறது. பாதரச மட்ட வேறுபாடு 368 மில்லிமீட்டர், பாதரசத்தின் ஒப்படர்த்தியான 13.6 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5 மீட்டர் நீர்த்தம்பம். குழாய்ப் பக்கத்துப் பாதரச மட்டம் குழாயின் மையத்திலிருந்து 0.6 மீட்டர் கீழே இருப்பதால், இணைப்புக் குழலிலுள்ள நீரின் எடைக்காக அதைக் கழித்தால் 4.4 மீட்டர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.44 கிலோ விசை கிடைக்கிறது. கேஜோ 0.55 காட்டுகிறது.

கேஜின் அளவெல்லை 0 முதல் 7 வரை. துல்லிய வகுப்பு 1.6, அதாவது பிழை 1.6 சதவீதம் வரை இருக்கலாம். இந்தப் பிழைவரம்பு முழு அளவுக்கானது என்பதால் 0.11 வரை விலகலாம் என்பது தெரியும். மாணவர்கள் இந்த அளவீட்டைப் பதிவேட்டில் எழுதுவதால் அந்த விளக்கத்தோடு விட்டுவிட மனம் வரவில்லை. இணைப்புக் குழலில் நீருக்குப் பதில் காற்று நிறைந்திருந்தால் 0.6 மீட்டரைக் கழிப்பதே தவறாகி, விடை 0.50 ஆகிவிடும் என்ற ஐயமும் இருக்கிறது.

பாதரசம் நச்சுத்தன்மை உடையது. ஒரு துளியும் வெளியே சிந்தாமல் அந்தக் காற்றை வெளியேற்றும் முறையை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். 0 முதல் 1 வரையிலான கேஜை மாற்றிப் பொருத்தினால் போதுமா, எடைவகைச் சோதனைக் கருவியில் (தெரிந்த எடைகளால் அழுத்தம் தந்து கேஜைச் சரிபார்க்கும் கருவி) அளவுத்திருத்தமும் செய்ய வேண்டுமா என்பதையும் தெரிவியுங்கள்.